வேர்க்கடலை மூட்டைகள் மீட்டுத் தந்த ஏழு எபிசோடுகள்

2007 மே 9, புதன்கிழமை இரவு. கான்சாஸ் மாநிலத்தில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட ஒரு சிற்றூரைப் பக்கத்து ஊரின் ஆயுதக் கூட்டம் சூழ்ந்து நிற்கிறது. சரணடையச் சொல்லி வானொலிக் கருவியில் செய்தி வருகிறது. ஜேக் கிரீன் என்ற இளைஞன் ஒரே சொல்லில் பதில் தருகிறான்: "நட்ஸ்." சண்டை மூள்கிறது, திரை இருண்டுவிடுகிறது. சிபிஎஸ் அலைவரிசையின் 'ஜெரிக்கோ' தொடரில் முதல் சீசன் அப்படி முடிந்தது. ஒரே வாரத்தில் தொடர் ரத்து என்ற அறிவிப்பும் வந்தது.

அந்த ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கடலை, பாதாம், முந்திரி போன்ற பருப்புகளையும் குறிக்கும். "உளறாமல் போய் வேலையைப் பார்" என்ற துச்சத்தையும் குறிக்கும். 1944 டிசம்பர் 22 அன்று பெல்ஜியத்தின் பாஸ்டோன் நகரில் ஜெர்மானியப் படையின் முற்றுகைக்குள் சிக்கியிருந்த அமெரிக்கத் தளபதி அந்தோணி மெக்காலிஃப், சரணடையக் கோரிய கடிதத்துக்கு இந்த ஒற்றைச் சொல்லையே எழுதி அனுப்பினார். தொடரின் எழுத்தாளர்கள் அந்த வரலாற்றை ஜேக்கின் வாயில் வைத்தார்கள். ரசிகர்கள் அதை அங்கிருந்து எடுத்து, மூட்டை மூட்டையாக அலைவரிசையின் வாசலில் இறக்கினார்கள். அந்த எபிசோடு ஒளிபரப்பாகிச் சரியாக நான்கு வாரத்தில், ஜூன் 6 அன்று, சிபிஎஸ் தன் முடிவை மாற்றிக்கொண்டது.

ரத்தான தொடர் ஒன்றை ரசிகர்கள் மீட்ட கதைகளில் இதுதான் என்னை மிகவும் ஈர்ப்பது. இது வெற்றிக் கதை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. மீண்டு வந்த தொடர் ஏழே எபிசோடுகளில் மறுபடி ரத்தானது. ஆகவே இதில் இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும்: அந்த மூட்டைகளால் எதைச் சாதிக்க முடிந்தது, எதைச் சாதிக்க முடியவில்லை?

சரிவு

'ஜெரிக்கோ' 2006 செப்டம்பர் 20 அன்று தொடங்கியது. அமெரிக்காவின் 23 நகரங்கள் அணுகுண்டுகளால் அழிகின்றன. அடிவானத்தில் எழும் காளான் மேகத்தைப் பார்க்கும் ஒரு சிற்றூர், யார் குண்டு போட்டார்கள் என்றுகூடத் தெரியாமல் வாழப் பழகுகிறது. உப்பு, டீசல், மருந்து, பக்கத்து ஊரோடு பேரம், தேர்தல், பொய் என்று கதை நகரும். ஸ்கீட் உல்ரிச் ஜேக்காகவும், லென்னி ஜேம்ஸ் ரகசியங்கள் நிறைந்த ஹாக்கின்ஸாகவும் நடித்தார்கள். முதல் எபிசோடை ஒரு கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். புதிய தொடருக்கு அது நல்ல தொடக்கம்.

நவம்பர் இறுதியில் தொடரை நிறுத்தி வைத்தார்கள். மீண்டும் வந்தது பிப்ரவரி நடுவில். இடைவெளி இல்லாமல் ஓடினால் பார்வையாளர் எண்ணிக்கை நிலைக்கும் என்ற நம்பிக்கையில் இரண்டாம் பாதியைச் சேர்த்து வைத்தார்கள். அந்தக் கணக்கு தப்பியது. ஒரு எபிசோடு விட்டுப்போனால் அடுத்தது புரியாத வகைத் தொடருக்கு இரண்டரை மாதம் என்பது நீண்ட காலம். திரும்பி வந்தபோது எதிர் அலைவரிசையில் 'அமெரிக்கன் ஐடல்' நின்றது, அந்த ஆண்டில் சுமார் மூன்று கோடிப் பேரைக் கட்டிப்போட்ட நிகழ்ச்சி. மே மாதம் கடைசி எபிசோடு வந்தபோது 'ஜெரிக்கோ'வுக்கு 80 லட்சம் பேர்கூட மிஞ்சவில்லை. அடுத்த ஆண்டு அட்டவணையை விளம்பரதாரர்களிடம் சிபிஎஸ் காட்டியபோது, புதன் இரவு 8 மணிக்கு 'கிட் நேஷன்' என்ற ரியாலிட்டி நிகழ்ச்சி இருந்தது.

தவறு யாருடையது என்று கேட்டால், பெரும்பகுதி அந்த இடைவெளியைத் தேர்ந்தெடுத்தவர்களுடையது என்பேன். கதை சலித்து மக்கள் விலகவில்லை. இரண்டாம் பாதிதான் தொடரின் மிக வலுவான பகுதி. சாத்தியிருந்த கதவு மறுபடி திறந்தது பலருக்குத் தெரியவே இல்லை.

மீட்டர் இல்லாத வீடு

ரசிகர்களின் கோபத்தைப் புரிந்துகொள்ள, அன்றைய எண்ணும் முறையைப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் அப்போது தொலைக்காட்சி உள்ள வீடுகள் சுமார் 11 கோடி. நாடு முழுவதற்குமான ரேட்டிங்குக்காக நீல்சன் நிறுவனம் மீட்டர் பொருத்தியிருந்தவை பத்தாயிரத்தைச் சற்றே தாண்டிய வீடுகள். ஏறக்குறைய பத்தாயிரம் வீடுகளுக்கு ஒரு வீடு சாட்சி.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுதான் இந்த முறையின் அடிப்படை. புள்ளியியலில் அது தவறும் அல்ல. பருக்கையைச் சரியாக எடுத்தால் பானையின் நிலை தெரியும். ரேட்டிங்கே மோசடி என்று பல ரசிகர்கள் கொதித்தார்கள். அந்த வாதத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. தொலைக்காட்சி ஓடுகிறதா, எதிரே யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் மீட்டர் அறியும். ஓடவிட்டுவிட்டு உறங்கிப்போனவரும், ஜேக்கின் தந்தை இறந்த காட்சியில் கண்ணீர் விட்டவரும் அதற்கு ஒன்றுதான். எத்தனை பேர் என்பதை அது சொல்லும். எவ்வளவு ஆழம் என்பதைச் சொல்லாது.

இதிலிருந்துதான் எல்லாப் பிரச்சாரங்களையும் முடக்கும் அந்த விசித்திரமான நிலை பிறக்கிறது. தொடரை நேசிக்கும் ஒருவர் தன் வீட்டில் எத்தனை முறை பார்த்தாலும், மீட்டர் இல்லாவிட்டால் அவர் கணக்கில் இல்லை. மீட்டர் இருந்தால் ஏற்கெனவே கணக்கில் இருக்கிறார். இரண்டு நிலையிலும் கூடுதலாக அவர் பார்ப்பதால் ஆவது ஒன்றுமில்லை. அன்பைக் கூட்டலாம், எண்ணைக் கூட்ட முடியாது.

அதோடு, 2007 ஒரு மாறுகாலம். வீட்டில் பதிவு செய்து பிறகு பார்க்கும் கருவிகள் பரவிவிட்டன. சிபிஎஸ் தன் எபிசோடுகளை இணையத்திலும் இலவசமாக ஓடவிட்டது. 'ஜெரிக்கோ'வின் ரசிகர்களில் கணிசமானவர்கள் அங்கேதான் இருந்தார்கள். விளம்பரப் பணமோ பெரும்பாலும் ஒளிபரப்பு நேரத்தில் பார்ப்பவர்களை வைத்தே பேசப்பட்டது, அவர்களிலும் 18 முதல் 49 வயதுக்காரர்களை வைத்து. மூன்று நாளுக்குள் பதிவில் பார்ப்பவர்களையும் விளம்பர நிமிடங்களின் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் புதிய அளவுகோலுக்கு அந்த ஆண்டில்தான் அலைவரிசைகளும் விளம்பரதாரர்களும் நகரத் தொடங்கியிருந்தார்கள். ஆக, 'ஜெரிக்கோ' ரசிகர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பணமாக மாறும் இடத்தில் நின்று பார்க்கவில்லை.

எடை

எண்ணிக்கையில் இடம் கிடைக்காதவர்கள் எடையைக் கையில் எடுத்தார்கள். இந்தப் பிரச்சாரத்தின் மேதைமை இதில்தான் இருக்கிறது.

கடிதமும் மின்னஞ்சலும் கையெழுத்து மனுவும் அவர்களும் அனுப்பினார்கள்தான். மின்னஞ்சலைப் பார்க்காமலே அழித்துவிடலாம், மனுவை ஒரு கோப்பில் போட்டு மூடலாம். மூட்டையை யாராவது தூக்கித்தான் ஆக வேண்டும். நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் இருந்த அலைவரிசை அலுவலகங்களுக்கு வேர்க்கடலை வரத் தொடங்கியது. 1929இல் நியூஜெர்சியில் கடையாகத் தொடங்கி, குடும்பத்தினரே தலைமுறைகளாக நடத்திவந்த பருப்பு வணிகம் ஒன்று அப்போது 'நட்ஸ்ஆன்லைன்' என்ற பெயரில் இணையத்தில் விற்றுக்கொண்டிருந்தது. தங்களுக்கு வந்து குவிந்த ஆர்டர்களின் காரணத்தை அறிந்ததும், ரசிகர்களுக்கென்றே தனி ஏற்பாடு செய்தார்கள். ஆளுக்கு இயன்ற தொகையைப் போட்டார்கள். கடை மொத்தமாகச் சேர்த்து அனுப்பியது, எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கணக்கும் காட்டியது. முடிவில் 40,000 பவுண்டைத் தாண்டியது. நம் கணக்கில் 18,000 கிலோவுக்கு மேல், அமெரிக்கக் கணக்கில் 20 டன்.

கூட்டு உழைப்பின் இந்த வடிவம் கவனித்துப் பார்க்கத் தக்கது. சிறு தொகை போட்டவருக்கும் தன் பங்கு எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தது. மறுநாள் எடை ஏறியிருப்பதைப் பார்த்தால் இன்னும் ஒரு கை போடத் தோன்றும். தோற்றுக்கொண்டிருக்கும் கூட்டத்தில் சோர்வு புகாமல் பார்த்துக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

பொருளைத் தேர்ந்தெடுத்ததில் இன்னொரு நுட்பமும் இருந்தது. 2000ஆம் ஆண்டில் 'ராஸ்வெல்' தொடரின் ரசிகர்கள், அதில் வரும் வேற்றுக்கிரகவாசிகள் விரும்பிச் சாப்பிடும் டபாஸ்கோ மிளகாய்ச் சாற்றுப் புட்டிகளை அலைவரிசைக்கு அனுப்பித் தொடரைக் காப்பாற்றியிருந்தார்கள். அது தொடரின் அடையாளப் பொருள். 'ஜெரிக்கோ'வின் கடலை அடையாளமாக மட்டும் நிற்கவில்லை; அதுவே ஒரு வாக்கியம். சரணடைய மாட்டோம் என்று ஜேக் பகைவனுக்குச் சொன்ன அதே பதிலை ரசிகர்கள் சிபிஎஸ்ஸுக்குச் சொன்னார்கள். பத்திரிகையாளர் ஒருவர் அதை இரண்டே வரியில் விளக்கிவிட முடியும். அதனால்தான் அது செய்தியானது. நாளிதழ்களும் தொலைக்காட்சிச் செய்திகளும் கடலை மூட்டைகளைப் பற்றிப் பேசின. ரத்தான ஒரு தொடரின் பெயர், ஓடிக்கொண்டிருந்தபோது கேட்டதைவிட உரக்கக் கேட்டது.

இதே மே மாதம் 4ஆம் தேதி, கான்சாஸ் மாநிலத்தின் கிரீன்ஸ்பர்க் என்ற உண்மையான சிற்றூரைச் சூறாவளி ஒன்று ஏறக்குறைய முழுவதுமாகத் தரைமட்டமாக்கியிருந்தது. கற்பனைக் கான்சாஸ் ஊருக்காகத் திரண்ட ரசிகர்கள் அந்த ஊருக்காகவும் பணம் திரட்டினார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை. தொடரிலிருந்து அவர்கள் எதை எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஜூன் 6

சிபிஎஸ்ஸின் பொழுதுபோக்குப் பிரிவுத் தலைவராக இருந்த நீனா டாஸ்லர், ரசிகர்களுக்கு நேரடியாக ஒரு திறந்த கடிதம் எழுதினார். உங்கள் ஆர்வம் எங்கள் கவனத்தை ஈர்த்துவிட்டது, ஏழு எபிசோடுகள் தயாரிக்கிறோம் என்றார். கோடையில் பழைய எபிசோடுகள் மறு ஒளிபரப்பாகும், இணையத்தில் கிடைக்கும், டிவிடி வரும் என்றும் உறுதி தந்தார். இனிமேல் கடலை அனுப்ப வேண்டாம் என்று பின்குறிப்பில் கேட்டுக்கொண்டார். கடிதத்தின் எடையெல்லாம் இன்னொரு வரியில் இருந்தது: தொடர் நீடிக்க வேண்டுமானால் இன்னும் அதிகம் பேர் பார்க்க வேண்டும், அவர்களைக் கூட்டி வருவதில் உங்கள் உழைப்பை நம்பியிருக்கிறோம் என்பது.

ஒரு பெரிய அலைவரிசையின் தலைவர் இப்படி ரசிகர்களிடம் நேருக்கு நேர் பேசியது பெருந்தன்மை. நிபந்தனையோ நியாயமற்றது. பார்வையாளர்களைத் திரட்டுவது அலைவரிசையின் தொழில். அதற்கான விளம்பர நேரமும் பணமும் அதனிடம்தான் இருக்கின்றன. அந்தச் சுமையின் பெரும்பங்கு, கையில் ஒன்றுமில்லாதவர்களின் தோளுக்கு மாறியது. புதிதாக வருபவர் 22 எபிசோடுகளைப் பார்த்துவிட்டு வர வேண்டிய கதை அது. போதாக்குறைக்கு, ஒரு ரசிகர் அரும்பாடுபட்டுத் தன் நண்பர் பத்துப் பேரைச் சேர்த்தாலும், அந்தப் பத்து வீட்டில் ஒன்றிலாவது மீட்டர் இருப்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்று.

இரண்டாம் சீசன் 2008 பிப்ரவரி 12 அன்று வந்தது. நவம்பர் முதல் நீடித்த எழுத்தாளர் வேலைநிறுத்தம் வாக்கெடுப்பில் முடிவுக்கு வந்ததும் அதே நாள்தான். புதிய எபிசோடுகள் இல்லாமல் அலைவரிசைகள் காய்ந்து கிடந்த நேரத்தில், முன்பே படமாக்கி வைத்த ஏழு எபிசோடுகள் கையில் இருந்தது நல்வாய்ப்பு என்றே பலரும் நினைத்தார்கள். கிடைத்த இடமோ செவ்வாய் இரவு 10 மணி. முதல் இரவில் சுமார் 70 லட்சம் பேர், போகப்போக 60 லட்சத்தை ஒட்டி. மார்ச் மாதம், கடைசி எபிசோடு ஒளிபரப்பாவதற்குச் சில நாள் முன்பே மறுபடி ரத்து.

முன்னும் பின்னும்

இத்தகைய பிரச்சாரங்களுக்கெல்லாம் மூத்தது 'ஸ்டார் ட்ரெக்'. 1967 இறுதியில் இரண்டாம் சீசனோடு தொடர் முடியப்போகிறது என்ற பேச்சு எழுந்தபோது, ஜான் ட்ரிம்பிளும் அவருடைய மனைவி பிஜோ ட்ரிம்பிளும் கடித இயக்கத்தைத் தொடங்கினார்கள். நீங்கள் பத்துப் பேரிடம் சொல்லுங்கள், அவர்கள் ஒவ்வொருவரும் பத்துப் பேரிடம் சொல்லட்டும் என்பது அவர்கள் வகுத்த விதி. கால்டெக் என்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் மாணவர்கள், தொடரை ஒளிபரப்பிய என்பிசி அலைவரிசைக்குப் பர்பாங்கில் இருந்த வளாகத்துக்கு ஊர்வலம் போனார்கள். வந்த கடிதங்கள் ஒரு லட்சத்துக்கு மேல். 1968 மார்ச் 1 அன்று, எபிசோடு முடிந்ததும் தொடர் நீடிக்கும் என்று என்பிசி ஒளிபரப்பிலேயே அறிவித்தது. பிறகு கொடுத்த இடம் வெள்ளி இரவு 10 மணி. தொடரின் இளம் ரசிகர்கள் வீட்டில் இருக்காத நேரம். செலவையும் குறைத்தார்கள். 1969இல் கதை முடிந்தது. ஆனால் மூன்றாம் சீசனால் மொத்த எண்ணிக்கை 79 ஆனது. உள்ளூர் நிலையங்கள் நாள்தோறும் மறு ஒளிபரப்பு செய்வதற்குப் போதுமான கையிருப்பு அது. பிற்காலத்தில் அந்தத் தொடர் கண்ட பெருவாழ்வு முழுவதும் அந்த மறு ஒளிபரப்பில் வளர்ந்தது. வெள்ளி இரவில் அதைக் கொன்ற சீசனே அதற்கு மறுபிறவியும் தந்தது.

'ஜெரிக்கோ'வுக்குப் பின் வந்த பாடம், என்பிசியின் 'சக்' என்ற தொடர். 2009 ஏப்ரல் 27, அதன் இரண்டாம் சீசனின் கடைசி நாள். ரசிகர்கள் அலைவரிசையின் வாசலை மட்டும் நம்பி நிற்கவில்லை. தொடரில் விளம்பரம் செய்த சப்வே உணவகங்களுக்குப் போய்ச் சான்ட்விச் வாங்கினார்கள். 'சக்' தொடருக்காகவே வாங்குகிறோம் என்று கருத்துச் சீட்டு எழுதிப் போட்டார்கள். நாயகன் சக்கரி லீவாய் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஒரு ரசிகர் பட்டாளத்தையே சப்வேக்கு அழைத்துப் போனார். என்பிசி தொடரை நீட்டித்தது. சப்வே விளம்பரதாரராகக் கூடுதல் பங்கேற்றது. அன்றிலிருந்து 2012 ஜனவரி வரை ஓடி, 91 எபிசோடுகளோடு அது நிறைவுற்றது.

இரண்டையும் அருகருகே வைத்தால் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. கடலைக்குக் கொடுத்த பணம் கடலைக்காரரின் கல்லாவுக்குப் போனது, கடலையின் சுமை அஞ்சல் பிரிவு ஊழியர்களின் முதுகில் இறங்கியது. சான்ட்விச்சுக்குக் கொடுத்த பணம் விளம்பரதாரரின் கல்லாவில் விழுந்தது. மீட்டர் பார்க்கத் தவறிய ரசிகரை அந்தக் கல்லா பார்த்துவிட்டது. ரேட்டிங் என்ற எண்ணே விளம்பரதாரருக்காக எடுக்கப்படுவது. 'சக்' ரசிகர்கள் அந்த எண்ணைச் சுற்றிக்கொண்டு அவரிடமே நேராகப் போனார்கள். முன்னவர்களின் கடலையைப் பார்த்திருக்காவிட்டால் பின்னவர்களுக்கு இது தோன்றியிருக்குமா என்பது ஐயமே. ஆகவே 'ஜெரிக்கோ' ரசிகர்களை இதற்காகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏழு எபிசோடுகள்

கடலை மூட்டைகள் பார்வையாளர்களைத் தரவில்லை, தரவும் முடியாது. அவை வாங்கித் தந்தது அவகாசம். அந்த அவகாசத்தில் என்ன நடந்தது என்பதைப் பொறுத்தே இந்தப் பிரச்சாரத்தை மதிப்பிட வேண்டும். எழுத்தாளர்கள் அதை வீணாக்கவில்லை. ஷையன் நகரைத் தலைநகராகக் கொண்ட புதிய அரசு, அதன் பின்னால் நிற்கும் நிறுவனம், குண்டுகளுக்கான உண்மைக் காரணம் என்று, ஒரு முழு சீசனுக்கான கதையை ஏழு எபிசோடுகளுக்குள் இறுக்கிக் கட்டினார்கள். சில இடங்களில் மூச்சு வாங்குகிறது; ஒரு மரணத்துக்கு அழக்கூட நேரம் தராமல் அடுத்த காட்சிக்கு ஓடுகிறது. ஆனால் கேள்விகளுக்கு விடை வந்தது.

இறுதிக்கு இரண்டு வடிவங்களைப் படமாக்கியிருந்தார்கள். தொடர் நீடித்தால் ஒளிபரப்ப ஒன்று, கதையைத் தொங்கலில் நிறுத்துவது. ரத்தானால் ஒளிபரப்ப இன்னொன்று, கதையை ஒரு கரைக்குக் கொண்டு சேர்ப்பது. 2008 மார்ச் 25 அன்று ஒளிபரப்பானது இரண்டாவது. எஞ்சிய ஒரே குண்டை, யார் செய்தது என்பதற்கான அந்தச் சான்றை, ஜேக்கும் ஹாக்கின்ஸும் டெக்சாஸுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். முந்தைய ஆண்டு மே மாதம் துப்பாக்கிச் சத்தத்தின் நடுவே இருண்ட திரை, இந்த முறை கதை முடிந்த பிறகே இருண்டது.